விழாதவள்

மகளுக்குக் காய்ச்சல் முற்றியபோது, "ஜெபம் போதும்" என்ற பாஸ்டரின் பேச்சை மீறி, அவள் பிள்ளையை அள்ளிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். பிள்ளை பிழைத்துக்கொண்டது. ஆனால் அவளுக்குக் கலக ஆவி பிடித்துவிட்டதாகச் சபையில் பேச்சு. அதன்பிறகு அவள் அந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை.

இன்று மாமியார்தான் விடாப்பிடியாகக் கூட்டிவந்து மேடையில் நிறுத்தியிருந்தாள்.

பாஸ்டர் நெற்றியில் கை வைத்தால் யாராக இருந்தாலும் மல்லாந்து விழுவார்கள். தாங்கிப் பிடிக்கப் பின்னால் ஓர் ஆள் நிற்பது வழக்கம்.

"கலக ஆவியே, வெளியே போ" என்று மைக்கில் முழங்கி, நெற்றியை அழுத்தினார்.

அவள் அசையவில்லை. மறுபடி அழுத்தினார். அவள் காலை நன்றாக ஊன்றிக்கொண்டாள்.

மைக்கைப் பொத்தியபடி, "விழும்மா, எல்லாரும் பாக்குறாங்க" என்றார்.

"பாக்கட்டும். எம் பொண்ணு உயிரோட இருக்கா. நான் எதுக்கு விழணும்?"

பாஸ்டருக்கு முகம் சிவந்தது. கோபத்தில் மைக்கைப் பொத்த மறந்து, அவள் முதுகுக்குப் பின்னால் நின்றவரிடம் சீறினார்.

"என்ன வேடிக்கை பாக்குறீங்க? எப்பவும் போல தோளப் புடிச்சு இழுங்க."

கூடம் மொத்தமும் அதைக் கேட்டது.

அவள் திரும்பிப் பார்த்தாள். கைகளைக் கட்டிக்கொண்டு மாமியார் நின்றிருந்தாள்.

"இத்தனை வருசமா இழுத்துக் கை ஓஞ்சு போச்சு ஐயா. எம் பேத்தியக் காப்பாத்துனவளை இழுக்க மாட்டேன். வாம்மா, வீட்டுக்குப் போலாம்."