எழுநூற்று இருபத்தொன்பதில் ஒன்று

"சந்தேகமே வேணாம் மேடம். ரெண்டும் சேர்ந்து காப்பியடிச்சிருக்குங்க," என்று இரண்டு விடைத்தாள்களைத் தலைமையாசிரியை சலேஹாவின் மேசையில் போட்டாள் ரமணி.

பள்ளியின் கடைசி வகுப்பான ஐந்தாம் படிவத்துக்கு இருபது வருஷமாகக் கணிதம் எடுப்பவள். பினாங்குத் தீவின் ஜார்ஜ்டவுனில் பாதி பேங்க் ஆபீசர்கள் அவளிடம் திட்டு வாங்கி வளர்ந்தவர்கள்தாம். ஒன்றைத் தப்பு என்று அவள் சொல்லிவிட்டால் அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

சலேஹா பெயர்களைப் பார்த்தார். "சுபாஷினியும் இக்மலுமா? நல்லா படிக்கிற பிள்ளைங்களாச்சே!"

"அதான் மேடம் வயித்தெரிச்சல். பரீட்சையில பக்கத்துப் பக்கத்து மேசை வேற. புரோபபிலிட்டில ஆறு கேள்வி. ஆறும் ரெண்டு பேருக்கும் தப்பு. அதுவும் ஒரே தப்பு!"

சலேஹா மலாய்மொழி ஆசிரியையாக இருந்து தலைமைப் பதவிக்கு வந்தவர். எண்களைக் கண்டால் சற்று ஒதுங்கிப் போவார். "தற்செயலா அமைஞ்சிருக்கலாம்லா?" என்றார்.

"கணக்கே போட்டுடலாம். ஒரு கேள்விக்கு நாலு விடை. அதுல தப்பு மூணு. ஒருத்தி குறிச்ச அதே தப்புல இன்னொருத்தனும் போய் விழறதுக்கு மூணுல ஒண்ணுதான் வாய்ப்பு. ஆறு கேள்விலயும் அப்படியே விழணும்னா மூணுல ஒண்ணை ஆறு தடவை பெருக்கணும். எழுநூத்து இருபத்தொன்பதுல ஒண்ணு மேடம்!"

"ஏன் பெருக்கணும்?"

"ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமில்லாத நிகழ்ச்சின்னா பெருக்கணும். இவ்வளவு சின்ன நம்பர் வந்துச்சுன்னா, ஏதோ சம்பந்தம் இருக்குன்னு அர்த்தம். பார்த்து எழுதினதுதான் அந்தச் சம்பந்தம்."

விஷயம் கட்டொழுங்குக் குழுவுக்குப் போனால் இருவருடைய நன்னடத்தைச் சான்றிதழிலும் ஏறிவிடும். பார்மசி படிக்கத் துடிக்கிறாள் சுபாஷினி. இக்மலுக்கு எஞ்சினியர் ஆக ஆசை. இரண்டு பேரின் கனவும் அதோடு சரி. இது ரமணிக்குத் தெரியாததல்ல. இந்த வருஷம் அவள் மலைபோல நம்பியிருந்ததே இந்த இரண்டு பிள்ளைகளைத்தான். ஆனால் நியாயம் என்று ஒன்று இருக்கிறதே!

"ஒண்ணு பண்ணுவோம்," என்றார் சலேஹா. "தனித்தனியா கூப்பிட்டு ஒரே கணக்கைக் கொடுங்க. காப்பியடிச்சவங்கன்னா, தனியா விட்டா ஆளுக்கு ஒரு மாதிரிதானே போடுவாங்க?"

ரமணிக்கு அது நியாயமாகவே பட்டது. அறையிலிருந்த வெண்பலகையில் எழுதினாள்: 'ஒன்று முதல் பத்து வரை எண்ணிட்ட பத்து அட்டைகள். ஒன்றை எடுத்தால், அது இரட்டை எண்ணாக அல்லது மூன்றின் மடங்காக இருக்க நிகழ்தகவு என்ன?'

முதலில் இக்மல் வந்தான். முகத்தில் ரத்தமே இல்லை. மார்க்கரை வாங்கிப் பலகையில் மளமளவென்று எழுதிக்கொண்டே சொன்னான்:

"இரட்டை எண் அஞ்சு. மூணோட மடங்கு மூணு. 'அல்லது'ன்னா கூட்டணும். பத்துல எட்டு, டீச்சர்."

அவனைப் பக்கத்து அறையில் உட்காரவைத்து, பலகையைத் துடைத்துவிட்டு, சுபாஷினியை அழைத்தார்கள். அவளும் மளமளவென்று எழுதினாள். ஐந்து, மூன்று, கூட்டு. பத்தில் எட்டு.

"சரியா?" என்று கேட்டார் சலேஹா.

"தப்பு மேடம்," என்றாள் ரமணி மெதுவாக. "ஆறு இரட்டை எண். மூணோட மடங்கும் அதுதான். அதை ரெண்டு தடவை எண்ணிட்டாங்க. கூட்டினதுல இருந்து ஒரு தடவை கழிக்கணும். பத்துல ஏழு. பரீட்சையில வந்த ஆறும் இதே 'அல்லது' கணக்குதான்."

"கழிக்கணுமா?" சுபாஷினி விழித்தாள். "கழிக்கணும்னு யாரும் சொல்லவே இல்லையே டீச்சர்!"

"அப்போ பார்த்து எழுதலை," என்றார் சலேஹா.

ரமணிக்கு நெஞ்சிலிருந்து பெரிய பாரம் இறங்கியது. பிள்ளைகள் திருடவில்லை. அந்தச் சந்தோஷத்தில் கண்கூடக் கலங்கிவிட்டது. அடுத்த நொடியே அவ்வளவு கோபமும் வேறு பக்கம் திரும்பியது.

"சம்பந்தம் இருக்கு மேடம், ஆனா காப்பி இல்ல. ரெண்டு பேருக்கும் ஒரே ஆளு சொல்லிக் கொடுத்திருக்கான். எவனோ ஒரு அரைகுறை டியூஷன் வாத்தியார்! நான் கிளாஸ்ல தொண்டத் தண்ணி வத்தக் கத்துறேன், அவன் பாதியைச் சொல்லிக் கொடுத்துப் பிள்ளைங்களைக் கெடுத்து வெச்சிருக்கான். இவனையெல்லாம் சும்மா விடக் கூடாது. புகார் எழுதுவோம். முதல் கையெழுத்து நான் போடறேன்."

இக்மலையும் உள்ளே கூப்பிட்டாள். சலேஹாவின் மேசையிலிருந்து வெள்ளைத்தாள் ஒன்றை இழுத்துக்கொண்டு பேனாவைத் திறந்தாள்.

"பயப்படாதீங்கப்பா. உங்க மேல ஒரு தப்பும் இல்ல. இப்படிக் கூட்டச் சொல்லிக் கொடுத்த ஆளு யாரு? பேரை மட்டும் சொல்லுங்க, மிச்சத்தை நான் பார்த்துக்கிறேன்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யார் சொல்வது என்று தயங்கி, கடைசியில் சுபாஷினிதான் வாயைத் திறந்தாள்.

"நீங்கதான் டீச்சர். அந்தச் சனிக்கிழமை வெள்ளத்துல ஸ்பெஷல் கிளாஸுக்கு நாங்க ரெண்டு பேர் மட்டும்தானே வந்தோம்... 'அல்லதுன்னா கூட்டணும்'னு சொன்னீங்க, உடனே தண்ணி ஏறுது, பாலத்துல ஜாம் ஆயிடும்னு அக்கரையில இருக்கிற புக்கிட் மெர்தாஜாம் வீட்டுக்குக் கிளம்பிட்டீங்க. திங்கக்கிழமை மத்தவங்களுக்கு முதல்ல இருந்து நடத்துறப்போ, 'உங்களுக்குத்தான் தெரியுமே'ன்னு எங்க ரெண்டு பேரையும் லைப்ரரிக்கு அனுப்பிட்டீங்களே!"