ரத்தம் கம்மி

போன வாரம் பொதட்டூர்பேட்டையில் நடந்த மருத்துவ முகாமில் தேவயானியின் இரண்டு பிள்ளைகளுக்கும் ரத்தம் எடுத்திருந்தார்கள். இன்று திருத்தணி ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது.

"உங்க புள்ளைக்கு ரத்தம் ரொம்பக் கம்மியா இருக்குது. கூட்டினு வாங்க."

தேவயானி பவர்லூம் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, மகள் ஹேமலதாவோடு பஸ் ஏறினாள். வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தாள்.

"தம்பியப் பாரு, கன்னம் எப்படி இருக்குது. நீ மட்டும் ஏண்டி குச்சியாட்டம் இருக்கற? போடறதைத் துன்னாதானே?"

ஹேமலதா ஜன்னலில் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

டாக்டரம்மா அவளைப் பார்த்ததும், "இவ ஒல்லிதான். ஆனா ரத்தம் நல்லா இருக்கும்மா. நான் கூப்பிட்டது உங்க பையனை" என்றார்.

"லோகேஷையா? அவன் குண்டா இருக்கறானேங்க."

"குண்டா இருந்தா சத்து இருக்குன்னு அர்த்தமில்ல. மத்தியானம் அவனுக்கு என்ன குடுக்கறீங்க?"

"நான் விடியக்காலையிலயே வேலைக்குப் போயிடறேங்க. இங்கிலீஷ் மீடியத்துல படிக்கறான், சோறு எடுத்துகினு போக மாட்டேன்றான். சிப்ஸு, கிரீம் பிஸ்கட்டு குடுத்தனுப்பறேன்."

"இவளுக்கு?"

"இவ கவர்மென்ட் இஸ்கூலுங்க. அங்கயே சோறும் முட்டையும் போட்டுடறாங்க."

சொல்லி முடித்ததும் தேவயானி திரும்பி மகளைப் பார்த்தாள்.

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். லோகேஷைக் கூட்டிவர நாளைக்கும் லீவு கேட்க வேண்டும். மகளின் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"தம்பியையும் எங்க இஸ்கூல்லயே சேத்துடும்மா" என்றாள் ஹேமலதா. "சோறு சூடா இருக்கும்."