பண்பாட்டுக் கம்மல்

அப்பாவின் உடலை நடுவீட்டில் கிடத்தியிருந்தார்கள். இளவெயினியோடு கல்லூரியில் படிக்கும் இங்க்ரிட், நார்வேக்காரி, உள்ளே வந்தாள். யாரையும் பார்த்துச் சிரிக்கவில்லை. நேரே போய் அம்மாவைக் கட்டிக்கொண்டு, "என்னப் பெத்த ராசா, எங்க போனீக?" என்று ராகம் தப்பாமல் ஒப்பாரி வைத்தாள். அப்பாவை அவள் ஒருநாளும் பார்த்ததில்லை.

அவள் காதில் பண்பாட்டுக் கம்மல் பச்சையாக மினுங்கியது. ஆண் பெண் எல்லாருக்கும் கல்லூரியில் மாட்டிவிட்டது. எந்த ஊரில் எப்படி நடக்கவேண்டும் என்று காதுக்குள் சொல்லும். சரியாக நடந்தால் மதிப்பெண்ணும் போடும். பின்னால் வந்த கென்யாப் பெண்ணும் அதே வரியைப் பாடி, அதே இடத்தில் விம்மினாள். பிறகு, துக்க வீட்டு வழக்கப்படி, சொல்லிக்கொள்ளாமலே இருவரும் கிளம்பிவிட்டார்கள்.



"கருமம்! அழுகையக்கூட மனப்பாடம் பண்ணிட்டு வந்து ஒப்பிக்கிறாளுக, பாத்தியாடா?" என்று இளவெயினி, அதே கல்லூரியில் படிக்கும் தம்பி தென்னவனிடம் சீறினாள்.

அப்பாவின் காலடியில் உட்கார்ந்திருந்த அவன் கண்கள் வறண்டிருந்தன. ஒரு விரல் காதை அழுத்திக்கொண்டிருந்தது.

"கொஞ்சம் பொறுக்கா," என்றான். "மகன் எப்ப அழணும்னு இன்னும் சொல்லல."