பலமில்லாத கைக்கு ஒரு கப்பல்

"அதை எடுக்காதே! உன் கைக்கு அது ஆகவே ஆகாது."

பல் டாக்டர் போட்ட அதட்டலில், அவர் மனைவி கத்தியைத் தொடாமலேயே கையை இழுத்துக்கொண்டாள்.

கல்லாவில் நின்றிருந்த கடைக்காரப் பெண்ணுக்குச் சுருக்கென்றது. பொம்மை ரயில், விமானம், மரக்கப்பல் என்று வீட்டிலேயே செய்து பார்க்கிறவர்களுக்கான கடை அது. அப்பாவுக்குப் பிறகு அவள்தான் நடத்துகிறாள். எத்தனையோ பேர் வந்து போகிற கடை. ஆனால், மனைவியைச் சாமானைத் தொட்டுக்கூடப் பார்க்க விடாத மனிதரை இப்போதுதான் பார்க்கிறாள்.

"சார், கப்பல் செய்யப் போறது அவங்கன்னுதானே சொன்னீங்க? அவங்க கையில கொடுத்துப் பாருங்களேன்."

"உனக்கு இவளைப் பத்தித் தெரியாதும்மா. கை வலிச்சாலும் வாயைத் திறக்க மாட்டா. கிடைச்சதை வாங்கிட்டுப் போய், வீட்டுல உட்கார்ந்து அவஸ்தைப்படுவா. ரிட்டயர் ஆகிற வரைக்கும் ஊர்ப் பல்லையெல்லாம் புடுங்கினவன் நான். கருவியைப் பத்தி எனக்கா தெரியாது? இவ கை எப்படிப் பிடிக்குமோ, அதே மாதிரி நானே பிடிச்சுப் பார்க்கிறேன்."

"ஆமாம்மா, அவர் பார்த்தாத்தான் சரியா இருக்கும்" என்றாள் மனைவி. "எனக்கு விரல்ல சுத்தமா பலமே இல்லை."

'இப்படி ஒரு அப்பாவியா!' என்று கடைக்காரப் பெண் மனசுக்குள் பொருமிக்கொண்டே கருவிகளை எடுத்துப் பரப்பினாள்.

முதலில் கத்தி. பென்சில் போல ஒல்லியான பிடி. டாக்டர் வலது கையால் எடுத்து, மெல்லிய மரத்தகடு ஒன்றின் மேல் வைத்து அழுத்தினார். கத்தி நழுவிக் கல்லாவின் கண்ணாடி மேல் டணாரென்று விழுந்தது.

"பார்த்தியா? உனக்கு இப்படித்தான் நழுவும். தடிமனா ரப்பர் பிடி போட்டது இருக்காம்மா?"

இருந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு, நெற்றி வியர்க்க, தகட்டை ஒரு வழியாக அறுத்து முடித்தார். பலமில்லாத கை எப்படித் திண்டாடும் என்பதை மனிதர் அப்படியே கண்முன் கொண்டுவந்துவிட்டார். சரியான பிடிவாதக்காரர்தான்.

அடுத்தது, ஒட்டின மரத்தை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப். ஸ்பிரிங் வைத்தது. எவ்வளவு அமுக்கியும் அது வாயைத் திறக்கவில்லை.

"என்கிட்ட வந்த எந்தப் பேஷன்ட்டும் இப்படி வாயை இறுக்கினதில்லை" என்று கீழே வைத்தார். "இது இவளுக்கு வேண்டாம். மெதுவாத் திருகி இறுக்கிற மாதிரி கொடு."

பிறகு இடுக்கி. கடைக்காரப் பெண் ஒரு தனி ரகத்தை எடுத்து நீட்டினாள்.

"இது தலைகீழ் சார். அமுக்கினா திறக்கும், விட்டா அதுவே பிடிச்சுக்கும். சாமானை எடுத்தப்புறம் விரலுக்கு வேலையே கிடையாது."

டாக்டர் அமுக்கினார். விட்டார். கடுகளவு ஆணி ஒன்று இடுக்கியின் நுனியில் அசையாமல் நின்றது. அவர் முகம் மலர்ந்துவிட்டது. மறுபடி அமுக்கினார், விட்டார். "இதைப் பாரேன், இதைப் பாரேன்!" என்று மனைவியிடம் காட்டிக் காட்டி, அங்கே கொட்டிக் கிடந்த ஆணிகளையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார்.

"சுத்தியலை விட்டுடலாம் சார். ஆணியை உள்ளங்கையாலயே அழுத்தி இறக்க ஒரு கருவி இருக்கு. ஒரு சின்ன வைஸும் வாங்கி மேஜையில மாட்டிட்டா, மரத்தை அது பிடிச்சுக்கும்."

"அப்படிப் போடு! இவ கைக்குப் பாதி வேலை மிச்சம்" என்றவர், கப்பல் பெட்டிகள் அடுக்கியிருந்த மூலைக்கு நடந்தார். "முதல் தடவைங்கிறதால சின்னப் படகாப் பார்க்கிறேன்."

அவர் போனதும் மனைவி கல்லாப் பக்கம் சாய்ந்தாள்.

"அவர் மேல கோபமா இருக்கேல்ல? உன் முகமே சொல்லுது."

"பின்னே என்னம்மா! உங்களைத் தொடவே விடலையே..."

"என் கைக்கு ஒண்ணும் இல்லைம்மா. நான் மூடின டப்பாவை வீட்டுல வேற யாராலயும் திறக்க முடியாது. கை போனது அவருக்கு. பக்கவாதம்."

கடைக்காரப் பெண்ணின் பார்வை, அவர் திறக்க முடியாமல் வைத்துவிட்டுப் போன கிளாம்ப் மேல் போனது.

"வைத்தியம் பார்த்த டாக்டர், கைக்குப் பயிற்சின்னு கொடுத்த ரப்பர் பந்தை வீசி எறிஞ்சுட்டார். 'எத்தனை பேர் பல்லைப் புடுங்கின கை, இப்ப பந்தை அமுக்கணுமா?'ன்னு ஒரே ஆத்திரம். கெஞ்சிப் பார்த்தேன், சண்டையும் போட்டுப் பார்த்தேன். கடைசியில, 'கப்பல் செய்ய ஆசையா இருக்கு, கையில பலம் இல்லை, கூட இருந்து செஞ்சு காட்டுங்க'ன்னு ஒரு பொய் சொன்னேன். தனக்காக அமுக்காத மனுஷன், எனக்காக எத்தனை தடவை அமுக்கினார் பார்த்தியா?"

பெட்டியோடு திரும்பி வந்த டாக்டரைக் கடைக்காரப் பெண் இப்போது வேறு கண்ணால் பார்த்தாள்.

"மீன்பிடிப் படகு. பலகையெல்லாம் நல்லா அகலமா இருக்கு. நீ போய் வண்டியை வாசலுக்குக் கொண்டு வா, நான் எல்லாத்தையும் கட்டி வாங்கிட்டு வர்றேன்" என்றார் மனைவியிடம்.

அவள் வெளியே போய்க் கதவு சாத்தும் வரை காத்திருந்தவர், அவசரமாகத் திரும்பினார்.

"அம்மா, இன்னொரு செட்டும் எடு. கத்தி, கிளாம்ப், இடுக்கி எல்லாம். ஆனா இந்த மாதிரி இல்லை, நல்ல பலமான கைக்கு ஏத்தது. அடியில மறைச்சு வெச்சுக் கட்டு."

"யாருக்கு சார்?"

டாக்டர் வாசலை ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அவளுக்குத்தான். எத்தனை நாளைக்குத்தான் பாவம், கையில பலம் இல்லாத மாதிரியே நடிச்சுக்கிட்டிருப்பா?"