ஈரமான பிரஷ்

பிரஷ் இன்றும் ஈரமாக இருந்தது.

இத்தனை நாள் தூக்கக் கலக்கத்தில் நான் கவனித்ததில்லை. நேற்றுதான் சந்தேகம் வந்தது. இன்று சோதித்துப் பார்ப்பதற்காகவே, தண்ணீர் காட்டாமல், பேஸ்ட் வைக்காமல், வெறும் பிரஷை நாக்கில் வைத்தேன்.

சில்லென்று இருந்தது. இப்போதுதான் இன்னொரு வாயிலிருந்து வெளியே வந்தது போல.

துப்பினேன். நாக்கைச் சட்டையில் துடைத்தேன். பிறகு சட்டையையும் கழற்றி வாளியில் போட்டேன்.

அறையில் இருப்பது இரண்டே பேர். நானும் தவளையும். பேய் வந்து பல் தேய்த்துவிட்டுப் போக வாய்ப்பில்லை.

தவளை என் ஊர்க்காரன், கூடப் படித்தவன். வகுப்பில் பெஞ்சு விட்டு பெஞ்சு தாவிக்கொண்டே இருந்ததால் வந்த பெயர். வேலை தேடி இந்த நகரத்துக்கு வந்தான். ‘ரெண்டே நாள்டா’ என்றான். இரண்டு மாதம் ஆகிறது. அவன் வந்த அன்று நான் அலுவலகப் பயிற்சிக்காக வெளியூரில் இருந்தேன். சாவி மீட்டர் பெட்டிக்குள் இருக்கிறது என்று போனில் சொன்னவனும் நான்தான்.

சின்ன வயதில் ஒரே மிட்டாயை இரண்டு பேரும் காக்கா கடி கடித்துத் தின்றிருக்கிறோம். மேலே சட்டையைப் போட்டுக் கடித்தால் எச்சில் ஆகாது என்று ஒரு நம்பிக்கை. அந்தச் சட்டை எப்படி இருந்திருக்கும் என்று அப்போது யோசித்ததில்லை.

இப்போது யோசித்தேன்.

ஒரு மனிதனை நேசிக்கலாம். அவனுடைய கடைவாய்ப் பல்லை நேசிக்க முடியாது.

தவளை வாயைத் திறந்துகொண்டு தூங்குபவன். ஓரத்தில் வழிந்தது தலையணையில் ஏதோ ஒரு தீவின் வரைபடம் போலக் காய்ந்திருக்கும். சாப்பிட்டதும் சுண்டுவிரல் நகத்தால் பல்லிடுக்கைக் குத்துவான். வந்ததைச் சற்று நேரம் பார்ப்பான். பிறகு திரும்ப வாய்க்குள்ளேயே போட்டுக்கொள்வான்.

அந்த வாய்க்குள் போய் வந்த பிரஷ்தான் இரண்டு மாதமாக என் வாய்க்குள்.

எவ்வளவு கொப்பளித்தும் என் வாய் என்னுடையதாகத் திரும்பி வரவில்லை.

பிரஷைக் கையில் பிடித்தபடியே வெளியே வந்தேன். அவன் தரையில் போர்வையை விரித்து, என் இஸ்திரிப் பெட்டியால் தன் சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தான். மருந்துக் கிடங்கு ஒன்றில் இன்று அவனுக்கு நேர்காணல். இந்த அறையை விட்டால் அவனுக்கு இந்த நகரத்தில் தலை சாய்க்க வேறு இடம் கிடையாது. அது எங்கள் இருவருக்கும் தெரியும்.

“ஏன்டா, என் பிரஷ்லயா பல் தேய்க்கிற?”

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தான். என்னைப் பார்த்தான். பிரஷைப் பார்த்தான். திருதிருவென்று முழித்தான். எனக்கு அது போதுமாக இருந்தது.

“ச்சீ. நினைச்சாலே குடலப் பிரட்டுது. நான் சாயங்காலம் வர்றப்ப உன் பை இங்க இருக்கக் கூடாது.”

“இன்டர்வியூ முடிஞ்சு வந்து எடுத்துக்கட்டுமா?”

“கையோட எடுத்துட்டுப் போ.”

“சரிடா” என்றான்.

அவ்வளவுதான். போர்வையை மடித்தான். கொடியில் கிடந்த துண்டை எடுத்தான். அவன் பொருட்களை எல்லாம் விழுங்கிய பிறகும் அந்தப் பை ஒட்டிப்போய்த்தான் இருந்தது.

நான் குப்பைக் கூடையருகே போனேன். எறிவதற்கு முன் அந்த அசிங்கத்தை ஒருமுறை நன்றாகப் பார்த்துவிட வேண்டும் போலிருந்தது. மேஜையிலிருந்த மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டினேன். கண்ணாடி இல்லாமல்தான் தினமும் பல் தேய்ப்பேன். பிரஷ் என்பது எனக்குப் பச்சையாக ஒரு மங்கல்.

கைப்பிடியின் அடியில் மூன்று கரும்புள்ளிகள் இருந்தன.

அவன் அம்மா வைப்பது. நான்கு பையன்கள் உள்ள வீடு. சண்டை வரக் கூடாதென்று ஊசியைப் பழுக்கக் காய்ச்சி, சீப்பு, ஸ்கேல், தண்ணீர் பாட்டில் என்று எல்லாவற்றிலும் குத்திவிடுவார். மூத்தவனுக்கு ஒரு புள்ளி. தவளை மூன்றாவது.

கட்டிலுக்கடியில், பயிற்சிக்குக் கொண்டுபோன பெட்டி தூசி படிந்து கிடந்தது. இழுத்துத் திறந்தேன். அதன் பக்கவாட்டு அறையில், பிளாஸ்டிக் உறைக்குள், அதே பச்சையில் என் பிரஷ் காய்ந்து விறைத்துக் கிடந்தது.

திரும்பி வந்த மறுநாள் காலை, டம்ளரில் பச்சையாக நின்றதை எடுத்துத் தேய்த்தவன் நான்.

தவளை நாற்காலியில் உட்கார்ந்து ஷூவுக்கு லேஸ் கட்டிக்கொண்டிருந்தான்.

“உனக்குத் தெரியுமா?” என்றேன்.

“நீ வந்த ரெண்டாம் நாளே தெரியும்” என்றான், லேஸைப் பார்த்தபடி. “புதுசு வாங்கி வச்சா நீ கண்டுபிடிச்சிருவ. அப்புறம் உனக்குத்தான் ஒரு மாதிரி ஆயிரும். அதான், நீ எந்திரிக்கிறதுக்கு முன்னாடியே தேய்ச்சிட்டு வச்சிருவேன்.”



பையைத் தோளில் மாட்டிக்கொண்டான். கதவைத் திறந்தவன், வெளியே போகாமல் திரும்பினான்.

“ஒன்னு மட்டும் சொல்லணும்னே இருந்தேன். உனக்கு ஈறுல ரத்தம் வருதுடா. நல்ல டாக்டரா பாத்து காட்டு. தினம் காலையில பிரஷ்ல ஒட்டியிருக்கும். நான் கழுவிட்டுத்தான் தேய்ப்பேன்.”