எட்டு வார்த்தை

"எட்டே எட்டு வார்த்தை. அதைச் சொல்றதுக்கு இவனுக்கு என்ன கேடு?"

முதியோர் இல்லத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் கெசீனா பல்லைக் கடித்தாள். எதிரே சக்கர நாற்காலியில் யோஹன் பிளம்ஸ் கேக்கை நிதானமாக மென்றுகொண்டிருந்தான்.

"வக்கீல் வராம வாக்குமூலம் கிடையாது," என்றான்.

"நாங்க போலீஸ் இல்லடா. நான் கெசீனா. இவன் ஹார்ட்விக்."

"அன்னைக்கு வந்த உளவாளியும் தோழர்னுதான் சொன்னான். அவன் கேக்குகூட வாங்கிட்டு வரல."

பக்கத்து மேசைக் கிழவி சிரித்தாள். ஹார்ட்விக் சிரிக்கவில்லை. தொப்பியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டிருந்தான்.

நாற்பது வருஷத்துக்கு முன்னால், பெர்லினில் பூட்டிக் கிடந்த ஒரு பாழ்வீட்டின் பூட்டை உடைத்துக் குடியேறிய கூட்டத்தில் மிஞ்சியவர்கள் இந்த மூவர்தான். கூரைக்கு ஓடு போட்டது யோஹன். ஒரே அண்டா சூப்பில் முப்பது பேருக்குப் பசியாற்றியது கெசீனா. விடியற்காலையில் போலீஸ் வந்து கதவை உடைக்கும். அதற்குள் கைக்குக் கிடைத்த காகிதமெல்லாம் நிலக்கரி அடுப்பில் போய்விடும். ஒப்பந்தம், வாடகை என்றெல்லாம் ஆனது பிறகுதான்.

"எதையும் எழுதி வைக்காதே. யார் கேட்டாலும் வாயைத் திறக்காதே." தலைவன் ஹார்ட்விக் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் அது.

அதனால்தான், பல வருஷம் கழித்து, வீட்டுக்காகச் சேர்த்த பொது நிதிக் கணக்கை வங்கி முடக்கியபோது, இனி வங்கியே வேண்டாம் என்று அவன் எழுந்து நின்றான். மொத்த நிதியும் பிட்காயின் ஆனது. அதன் சாவி இருபத்துநான்கு வார்த்தைகள்; ஒன்று குறைந்தாலும் திறக்காது. முதல் எட்டு கெசீனாவுக்கு, நடு எட்டு யோஹனுக்கு, கடைசி எட்டு ஹார்ட்விக்குக்கு. எல்லாம் மனப்பாடம். துண்டுக் காகிதம் கிடையாது.

அன்றைக்கே கெசீனா கேட்டாள்: "வங்கியில அட்டை தொலைஞ்சா, முகத்தக் காட்டினா வேற தருவான். இதுல மறந்துபோனா யார்கிட்டப் போய் முகத்தக் காட்டறது?"

"முகத்தக் காட்டாம இருக்கத்தானே இத்தனை வருஷமா முகமூடி போட்டோம்?" என்றான் ஹார்ட்விக்.

கூட்டமே கைதட்டியது. கைதட்டியவர்களில் பாதிப்பேர் இன்று எங்கோ சொந்த வீட்டில் இருக்கிறார்கள்.

இப்போது வீட்டுக்காரன் விற்கிறான். மாதக் கடைசிக்குள் குடியிருப்பவர்கள் வாங்காவிட்டால் ஒரு முதலீட்டுக் கம்பெனி வாங்கிவிடும். வாங்கப் பணம் இருக்கிறது. சாவியின் நடு எட்டுதான் பக்கவாதம் வந்து புத்தி குழம்பிய இவன் தலைக்குள் கிடக்கிறது.

"விவரம் தெரிஞ்சவங்க எல்லார்கிட்டயும் கேட்டுட்டேன்," என்றாள் கெசீனா. "இதுக்கு மேலதிகாரின்னு ஒருத்தனும் கிடையாதாம். புகார் குடுக்க ஒரு ஜன்னல்கூட இல்லையாம்."

பிறகு யோஹன் பக்கம் குனிந்தாள். "இங்க பாரு. என்னோட எட்டை நான் சொல்றேன். பின்னாடியே உன்னோடது தானா வரும். அதுக்குப் பின்னாடி ஹார்ட்விக் சொல்லட்டும்."

"பொது இடத்துல என்ன இது," என்று ஹார்ட்விக் சட்டென்று தடுத்தான். "விடு கெசீனா. இவன் தேறமாட்டான். வெள்ளிக்கிழமை வீட்டுக் கூட்டத்துல நான் எடுத்துச் சொல்லிடறேன், யோஹனால எல்லாம் போச்சுன்னு. வேற என்ன செய்ய?"

சிகரெட் பிடிக்க வெளியே போனான்.

கெசீனா கேக் தட்டை யோஹனிடமிருந்து இழுத்துக்கொண்டாள்.

"தின்னது போதும். எங்களை நடுத்தெருவுல நிறுத்திட்டு உனக்குக் கேக் ஒரு கேடா? நீ ஓடு போட்ட கூரைக்குக் கீழதான்டா இன்னும் படுத்துத் தூங்கறேன். மழை பேஞ்சா அந்தச் சத்தத்துல உங்க எல்லார் நினைப்பும் வரும். இனிமே நான் எங்கடா போவேன்?"

கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

யோஹன் முள்கரண்டியைக் கீழே வைத்தான். ஜன்னல் வழியாக, வெளியே புகைத்துக்கொண்டிருந்தவனைப் பார்த்தான். பிறகு அவள் காதருகே சாய்ந்து, வருகைப் பதிவில் பெயர் கூப்பிடுவதுபோல் ஒவ்வொன்றாகச் சொன்னான். எட்டு வார்த்தை. திணறவில்லை, தடுமாறவில்லை.

கெசீனா நிமிர்ந்தாள். "பாவி, எல்லாம் ஞாபகம் இருக்கா? இரு, ஹார்ட்விக்கைக் கூப்பிடறேன்."

எழுந்தவளின் மணிக்கட்டை அவன் பிடித்தான்.

"கூப்பிடாதே. கூப்பிட்டா அடுத்த எட்டை அவன்தானே சொல்லணும்?"

"சொல்லட்டுமே."

"அவனுக்கு ஒண்ணுகூட ஞாபகம் இல்ல. போன குளிர்காலத்துல நான் தூங்கறேன்னு நெனச்சு, கட்டில் பக்கத்துல உக்காந்து அழுதான். எப்படி யோசிச்சும் வரலையாம்." அவன் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். "எனக்குப் புத்தி போச்சுன்னு ஊரே சொல்லுது. இன்னொரு பழி வந்தா என்ன குறைஞ்சுடும்? அவனுக்குத் தலைவன்கிற பேரைத் தவிர வேற என்ன மிஞ்சியிருக்கு?"

கதவு திறந்தது. ஹார்ட்விக் குளிரோடு உள்ளே வந்தான். யோஹனைப் பார்க்காமல் அவளை மட்டும் பார்த்தான்.

"ஏதாவது சொன்னானா?"

கெசீனா கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டாள். பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டு முடித்தாள்.

"வெள்ளிக்கிழமை கூட்டத்துல அவன் பேரை எடுக்காதே, ஹார்ட்விக்," என்றாள். "மறந்தது நான்னு சொல்லிடு. எனக்கும் வயசாகலையா?"