நஸ்வேலிக்கு ஒரு வில்

முழங்காலில் வைத்து வளைத்த குச்சி படக்கென்று ஒடிந்ததும் கெர்குட்டனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இது இரண்டாவது குச்சி.

“கல்லு உடைச்சு உடைச்சு கை மரத்துப்போச்சு மச்சான். பொண்டாட்டிக்கு வில்லு வளைக்கச் சொன்னா இது விறகு ஒடிக்குது.”

அவன் மனைவி நஸ்வேலியின் அண்ணன் பிலியாக் சிரிக்கவில்லை. கத்தியை எடுத்து நீட்டினான்.

“இன்னொண்ணு வெட்டு. பொழுது சாயறதுக்குள்ள குடுத்தாகணும்.”

கெர்குட்டன் சோலைக்குள் போய் விரல் கனத்தில் ஒரு கிளையைத் தேடினான். அவன் இதுவரை வில் செய்ததே இல்லை. முதல் பிள்ளைக்குத்தான் முதல் வில்.

எங்கள் மலைக் குடியிருப்புகளான மந்துகளில் பிள்ளை யாருடையது என்று யாரும் நாள் எண்ணிப் பார்ப்பதில்லை. கர்ப்பத்தின் ஏழாம் மாதத்து அமாவாசையில் எவன் தன் கையால் வில் செய்து கொடுக்கிறானோ அவனே அப்பன், அதோடு பேச்சு முடிந்தது. கெர்குட்டன் அணைக்கட்டு முகாமில் கீழ்நாட்டு ஆட்களோடு கிடந்தவன். ‘நீ இங்க இருக்கே, அங்க அவளுக்கு எப்படிடா?’ என்று எவனோ ஒருவன் பல்லை இளிக்க, அதைப் போய்க் காதில் ஏற்றிக்கொண்டான், மடையன். இரண்டு அமாவாசைக்கும் அவன் வரவே இல்லை.

இரண்டாவது அமாவாசைக்கு அவன் எப்படியும் வந்துவிடுவான் என்று சடங்குக்காக மரத்தில் மாடம் வெட்டி விளக்குகூட ஏற்றிவிட்டார்கள். கையில் வில் இல்லாமல், அந்த விளக்கு அணையும்வரை நஸ்வேலி அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம். அதைக் கேட்ட நாளிலிருந்து அவன் கண்ணை மூடினால் விளக்குதான், அதற்கு முன்னால் அவள் முதுகுதான். இன்று காலையில் ஆள் வந்து ‘வில்லு குடுக்க வரியா, மாட்டியா?’ என்று கேட்டபோது, சம்மட்டியைப் போட்ட இடத்தில் விட்டுவிட்டு ஓடிவந்தான்.

கிளையை வெட்டிக்கொண்டு வந்து பட்டையை உரித்தான். முதுகுக்குப் பின்னால் யாரோ மூச்சுவிட்டதுபோல் இருந்தது.

‘வளைக்கத் தெரியலேன்னா சொல்லு, நானே வளைச்சு உன் கையில தரேன்.’

போன முறை மந்துக்கு வந்தபோது அவள் கிண்டலாகச் சொன்னது. அதே குரல், காதருகில். திரும்பினான். மரங்களுக்கிடையில் மூடுபனிதான் நகர்ந்துகொண்டிருந்தது.

“மச்சான், யாராவது வந்தாங்களா இப்ப?”

“யாரும் வரல. வேலையைப் பாரு.”

“கோபமா இருக்காளா?”

“இல்ல.”

“என்னைப் பத்தி ஏதாவது பேசினாளா?”

பிலியாக் கீழே கிடந்த பட்டையை எடுத்து ஒதுக்கி வைத்தான். அவன் கண் சிவந்திருந்தது. தங்கைக்காக ஆத்திரப்படுகிறான், படட்டும் என்று கெர்குட்டன் நினைத்துக்கொண்டான்.

“நேத்து ராத்திரி கேட்டா. வில்லு வந்துருச்சான்னு.”

கெர்குட்டன் கிளையை அவசரமில்லாமல், கொஞ்சம் கொஞ்சமாக வளைத்தான். முனகியது, ஆனால் ஒடியவில்லை.

“இன்னிக்கு அமாவாசைகூட இல்லையே மச்சான். செல்லுமா?”

“இன்னிக்கு நாள் பார்க்க வேண்டாம்னுட்டாங்க பெரியவங்க.”

“நான் வரலேன்னா என்ன பண்ணியிருப்பீங்க?”

“வேற குலத்துக்காரன் ஒருத்தன் தயாரா நிக்கறான். பிள்ளை அவன் பேருக்குப் போயிருக்கும்.”

“விடுவேனா! என் பிள்ளைடா அது!” என்றான் கெர்குட்டன். நான்கு மாதமாக வாயில் வராத சொல் வந்துவிட்டது. சொன்ன பிறகு உடம்பே லேசானது போலிருந்தது.

இரண்டு முனையிலும் பள்ளம் வெட்டினான். உரித்த பட்டையையே முறுக்கி நாணாகக் கட்டினான். நீளமான புல் தாள் ஒன்றைப் பறித்து அம்பாக வைத்துப் பார்த்தான். கோணல் வில்தான். ஆனாலும் வில்.

“பூவேலை போட்ட புத்துகுளி ஒண்ணு எடுத்து வெச்சிருந்தா. இதுக்குன்னே. போர்த்திக்கிட்டாளா?”

“போர்த்தியாச்சு. வா.”

பிலியாக் முன்னால் நடந்தான். மந்துக்குப் போகும் தடத்தை விட்டு மேட்டில் ஏறினான்.

“வீடு அந்தப் பக்கம்ல?”

“எல்லாரும் இந்தப் பக்கம் இருக்காங்க.”

கெர்குட்டன் கேள்வி கேட்கவில்லை. என்ன சொல்லி மன்னிப்புக் கேட்பது என்பதிலேயே அவன் மனம் கிடந்தது. முதலில் காலில் விழுந்துவிட வேண்டும், பேச்செல்லாம் பிறகு என்று முடிவு செய்துகொண்டான்.

மேட்டைத் தாண்டியதும் புல்வெளியில் கூட்டம் தெரிந்தது. பெண்கள் இரண்டிரண்டு பேராக நெற்றியோடு நெற்றி வைத்து உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் புதுப் புத்துகுளிக்குள் நஸ்வேலி படுத்திருந்தாள், வயிறு மட்டும் மேடாக.

கெர்குட்டன் பார்த்தான். பார்க்காதவனைப்போலவே நடந்துபோய் அவள் பக்கத்தில் மண்டியிட்டான்.

“லேட்டாயிடுச்சு நஸ்வேலி. இந்தா, வாங்கிக்க.”

 வில்லை அவள் கைப்பக்கம் நீட்டினான். பிலியாக் வந்து அவன் தோளைப் பிடித்துக்கொண்டான்.

“விரலைப் பிரிச்சு நீயே வை மாப்ள, அவ விடியக்காலமே போயிட்டா.”